பருப்பு மிதவை

கரண்ட் போனது. நகரியில் தறிகள் நின்றாலும்
காதுக்குள் இன்னும் கொஞ்சம் ஓடும்.
நெசவு பிசகிய நீல லுங்கித் துண்டை
மேசையில் விரித்தேன்:
வங்காள விரிகுடா.

லிபரேட்டர். நாலு எஞ்சின், சுண்டுவிரல் நீளம்.
மூன்று இரவு பூசிய சாம்பல்.
குண்டறையை மக்கு வைத்து அடைத்து
வயிற்றடியில் ஒட்டியிருந்தேன்
உடைத்த துவரம்பருப்பு ஒன்று.

"இது என்ன குண்டுரா?" என்றான் தயாகர்.
குண்டில்லை, ரப்பர் மிதவை.
கடலில் விழுந்தவனைத் தேடுகிற விமானம் இது.
கண்டால் போடும். திரும்பிவிடும்.

விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான்.
துறைமுகத்துக்கு ஐம்பது
கப்பலுக்கு முப்பது
ஆளைக் காப்பாற்றினால்?
"ஏமி லேது."

ஆறு சுற்று அலைந்தேன்.
பகடை போட்டால் மூடுபனி,
மறுபடி போட்டால் மறுபடி மூடுபனி.
ஏழாவதில் தெரிந்தது
துணியில் குத்தி நின்ற குண்டூசித் தலை:
போன ஞாயிறு நான் சுட்டு வீழ்த்திய
தயாகரின் பைலட்.

பருப்பைப் போட்டேன்.
அரை விரல் தள்ளி விழுந்தது.
எட்டாது, விதிப்படி.

அப்போது கரண்ட் வந்தது.
பக்கத்து வீட்டுத் தறிகள் அடிக்க
சுவர் அதிர்ந்து மேசை அதிர்ந்து
பருப்பு நகர்ந்தது
நூல் நூலாய்,
ஊசிப் பக்கம்.

தயாகர் கையில் அளவுநாடா இருந்தது.
விரிக்கவில்லை.