ஒன்பதாம் நிரல்

அமைச்சின் படிவத்தில் ஒன்பதாம் நிரல்:
அமிலோய்ட் புரதப் படிவு நோய், மாவட்ட மொத்தம்.
ஏழு வருடமாக அதில் பூச்சியம் போட்டவள் நான்தான்.
வடிவான பூச்சியம். வாய் மூடின பூச்சியம்.

சிவப்புச் சாயம் எங்களிடம் இருக்கவில்லை.
கேட்டு எழுதினேன்.
"தேவைப்படும் நோயாளர் எத்தனை பேர்?"
என்று பதில் வந்தது.
பூச்சியம் என்று எழுதினேன்.
சாயம் வரவில்லை.

பிறகு கிருபைராசா வந்தார்,
பருத்தித்துறை மினிபஸ்ஸில் இருபத்தாறு வருடக் கொண்டக்டர்.
முதலில் விரல்கள்.
ஐந்து ரூபாவும் பத்து ரூபாவும் தடவத் தெரியாமல் போய்
நெல்லியடியில் ஒரு ரீச்சரோடு மிச்சக்காசுச் சண்டை.
இரண்டு மணிக்கட்டும் வெட்டித் தைத்தார்கள்.
பேந்து கால் வீக்கம். பேந்து மூச்சு.
இதயம் தடித்திருக்கு, பிறஷராக்கும் என்றார்கள்.
பிறஷர் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

வயிற்றுக் கொழுப்பில் ஒரு துளி.
புது டொக்டர் தன் பையில் கொண்டுவந்த குப்பியில்
ஒரு சொட்டு.
கண்ணாடியைத் திருப்ப, இருட்டுக்குள் எரிந்தது பச்சை.
அப்பிள் பச்சை என்கிறது புத்தகம்.
யாழ்ப்பாணச் சந்தையில் நான் கண்டதெல்லாம்
சிவப்பு அப்பிள்தான்.

"எனக்கு மட்டுமோ தங்கச்சி இது?"
கொழும்பிலே கணக்குப் போடுவார்கள் என்றேன்,
பத்து லட்சம் பேருக்கு இத்தனை என்று.
மூச்சு வாங்கச் சிரித்தார்.
"புட்போட்டிலை நிண்டுகொண்டு
உள்ளுக்கை எத்தினை பேரெண்டு சொல்லேலுமோ?"

தமையனுக்கும் இதேதானாம், ஸ்காபரோவில்.
அவரை அங்கே எண்ணிவிட்டார்கள்.
ஒரு தாய் வயிறு, இரண்டு தேசத்தின் கூட்டல்.
தகப்பன் ஐம்பத்தைந்தில் "நெஞ்சடைப்பு".
சின்னையா சங்கத்தானையில் பஸ்ஸுக்கு ஓடி விழுந்தவர்.
அவர்கள் எந்த நிரலிலும் இல்லை.

இந்த வருடம் 1 என்று எழுதினேன்.
பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது,
கடைசி பஸ் போன பிறகும்
ஸ்டாண்டில் நிற்கிற ஆளைப் போல.
பழைய பூச்சியங்களுக்குப் பக்கத்தில்
"பார்க்கவில்லை" என்று எழுத
படிவத்தில் இடமில்லை.

குப்பியில் இன்னும் முப்பது சிலைட்டுக்குச் சாயம் கிடக்கு.
பின்னறை அலுமாரியில் மெழுகுக் கட்டிகள்,
வருடவாரியாக,
இதயம் என்று ஒட்டிய பெட்டிகள் மட்டும் பதினொன்று.
ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.
திறப்பு கையில்.

எந்த முப்பதை?