சேமித்த பெயர்

சித்திரை கடைசி. தோட்டப்பாளையத்தில்
காலை ஏழுக்கே மொட்டைமாடி சுடுகிறது.
மாடியில் மூன்று அறை, ஒரே கக்கூஸ்.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு நாள் வாடகை:
மால்டாவிலிருந்து ஒரு குடும்பம்,
ராஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி,
மூன்றாம் அறையில் சித்தூர்க்காரம்மா, தனியாக.

நேற்று ராத்திரியே நிறைந்துவிட்டது.
விளிம்புக்கு இரண்டு விரல் கீழே
அசையாமல், மாநிறமாய்,
எங்கள் வீட்டுக் குழல்விளக்கை எங்களுக்கே காட்டிக்கொண்டு.

யார் என்று கேட்டேன்.
மூன்று மொழியிலும் யாருமில்லை.
எனக்குத் தெரிந்த இந்தியில் கப்டா, பேப்பர் என்றேன்.
ராஞ்சித் தம்பி தலையை ஆட்டினான்,
ஆமாவா இல்லையா தெரியவில்லை.
அண்ணனுக்குப் பத்து மணிக்கு ஸ்கேன்.
நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு
அடக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.
நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

போனில் தேடினேன்.
கக்கூஸ் ஆள் 2.
ஒன்று எப்போதோ செத்துப்போன நம்பர்.

'இன்னாம்மா.'
'அடைச்சிக்கிச்சு. உடனே வரணும்.'
'நா இப்ப வர்றதில்லமா. ஷூ கம்பெனில வாட்ச்மேன்.
கைய உட்டு எடுக்கறத நிறுத்தி மூணு வருஷம் ஆவுது.
மவ சத்தியம் வாங்கிக்கினா.'
'தெரிஞ்ச ஆள் யாராச்சும்?'
கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் லாரி ஹாரன்.
'உங்க வூட்ல யாருக்கும் கையில்லியாமா?' என்றான்.
கோபமாகக்கூட இல்லை,
சில்லறை இருக்கா என்று கேட்பதுபோல.

நான் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.

'கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்க, பீங்கான் விண்டுக்கும்.
ஆசிட் வாணாம், கண்ணு பூடும்.
மாப்புக் கட்டை கீதா?
தலைல பிளாஸ்டிக் கவரச் சுத்தி இறுக்கிக் கட்டுங்க.
நிதானமா அமுக்கி, வெடுக்குனு இழுங்க.
அமுக்குறதுல இல்லமா, இழுக்குறதுலதான் கீது.'

போனை ஜன்னல் விளிம்பில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.
நைட்டியை முழங்காலுக்கு மேல் முடிந்துகொண்டு
மூக்கில் துண்டு.
முதல் இழுப்பில் குமட்டல்.
ஐந்தாவதில் கெட்டவார்த்தை.
பன்னிரண்டோ பதிமூன்றோ, முழங்கையில் தெறித்தது.
அதற்குப் பிறகு
அருவருக்க ஒன்றுமில்லை.
வேலை மட்டும் இருந்தது.

'சத்தம் மாறுதா பாருங்க' என்றது ஜன்னல்.
மாறியது.
அடிவயிற்றிலிருந்து ஒரு ஏப்பம்,
விருந்து முடிந்த வீட்டு ஏப்பம்.
எல்லாம் போயிற்று,
என்ன அடைத்திருந்தது என்று தெரியாமலே,
யாரைத் திட்டுவது என்று தெரியாமலே.

பத்து நாளைக்கொரு தரம் வரும் தண்ணீரில்
நாலு வாளி ஊற்றினேன்.

கீழே சமையலறை வாசலை மறித்து மாமியார்:
'தலைக்கு ஊத்திக்கினு வா. எதையும் தொடாதே.'
நின்றேன், என் வீட்டில், எதையும் தொடாமல்.

அவன் வந்தால் பின்பக்கக் குழாய்.
துட்டை மதில்மேல் வைப்பேன்,
பறக்காமலிருக்க மேலே ஒரு கல்.
கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் குழாயில்தான் கை கழுவினேன்.

'எவ்ளோ அனுப்பட்டும்?'
சிரிப்பு. 'சொல்லிக் குடுத்ததுக்கா?
இருநூறு போடுங்க. பொண்ணு ஃபீஸ் கீது.'

ஜிபேயில் எண்ணைத் தட்டினேன். கல் தேவையில்லை.
பெயர் வந்தது, கொட்டை ஆங்கில எழுத்தில்.
ஜீவரத்தினம் எம்.

எட்டு வருஷம்.

'ஜீவரத்தினமா?'
'ஆமா. ஏன், பணம் போவலியா?' என்றார்.

போயிற்று.
பிறகு நம்பரைத் திருத்த உட்கார்ந்தேன்.
பின்னாலிருந்துதான் அழிக்க முடிகிறது.
முதலில் 2 போயிற்று. அடுத்து ஆள்.
கக்கூஸ் மட்டும் நின்றுகொண்டிருந்தபோது
மாடியில் கதவைச் சாத்தித் தாழ்போடும் சத்தம்.
ஸ்கேன் முடிந்து வந்துவிட்டார்கள்போல.
விரலை அப்படியே வைத்துக்கொண்டு
கேட்டுக்கொண்டிருந்தேன்,
தண்ணீர் இறங்குகிறதா என்று.