ஊருக்கு ஒரு டிரம்மர்

எங்கள் ஊரில் டிரம் செட் ஒன்று.
அடிக்கத் தெரிந்தவனும் ஒருவன், நான்.
இசைக் குழுக்கள் ஐந்து.
கணக்குப் புரிகிறதா உங்களுக்கு?

வெளிநாட்டு வானொலியிலிருந்து வந்த பெண்
பஞ்சு போர்த்திய மைக்கை என் தாடிக்கருகே நீட்டி
"நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்து,
உலகமே கேட்கும் இசை. எப்படி?" என்கிறாள்.

எனக்கு முன்பே அவளுக்குப் பதில்கள் கிடைத்திருந்தன.
மேயர் ஓட்னி சொன்னது: நீண்ட இரவு.
(இரவு கிரீன்லாந்திலும் நீளம்தான்.)
பாதிரியார் எரிமலை என்றார். பாவம்,
எங்கள் பக்கம் எரிமலையே கிடையாது.
இசைப் பள்ளிக்கூடத்துக் கணக்கர் மட்டும்
நகராட்சி வருஷாவருஷம் தரும் மானியத்தைக்
காசு சுத்தமாகச் சொன்னார்.
அதை அவள் பதிவு செய்யவில்லை.

நான் என் புதன்கிழமையைச் சொன்னேன்.

காலை பதினொன்றுக்கு ஸ்வாவாவின் கணவரை அடக்கம் செய்தோம்.
பித்தளை வாத்தியங்களுக்குப் பின்னால்
கழுத்தில் தொங்கும் மேளத்தோடு நான்.
உறைந்த மேட்டில் சவப்பெட்டி சறுக்கக் கூடாது.
அதற்கென்றே ஒரு நடை:
ஓர் அடி, ஒரு மூச்சு, ஓர் அடி.
ஒரு மணியிலிருந்து ஐந்து வரை
துறைமுகத்தில் காட் மீன் இறக்கினேன்.
ஆறு மணிக்குப் பழைய உறைபனிக் கிடங்கில்
கௌட்டியின் குழு. எல்லாருக்கும் இருபது வயது,
எல்லாரிடமும் கறுப்புச் சட்டை, ஆம்ப்ளிஃபயரில் இடி.
"வேகமா அடி" என்றான் கௌட்டி.
வரவில்லை.
என் கால் இன்னும் பெட்டிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.
ஓர் அடி, ஒரு மூச்சு, ஓர் அடி.
கௌட்டி திட்டினான்.
திட்டுவதை நிறுத்தினான்.
பிறகு அந்த மூச்சுக்குள் கிடாரை இறக்கினான்.

அதைத்தான் உங்கள் ஊர் விமர்சகர்கள்
பனிப்பாறையின் நகர்வு என்று எழுதினார்கள்.

என்னை விட்டால் கௌட்டிக்கு ஆளில்லை.
என் முன்னாள் மனைவியின் இப்போதைய கணவனுக்கும் இல்லை:
வெள்ளிக்கிழமை அவன் நடனக் குழுவிலும் நான்தான்.
அவன் எழுதும் காதல் பாட்டில் 'அவள்' யாரென்று தெரியும்.
அவள் சிரிப்பு எத்தனை மாத்திரை என்றும் தெரியும்.
அந்த இடத்தில் நான் சிம்பலைத் தொடுவதில்லை.
கேட்பவர்கள் அதை நிதானம் என்கிறார்கள்.

பெரிய ஊரென்றால் பிடிக்காதவனை விட்டுவிட்டு
அடுத்த தெருவில் பிடித்தவனைத் தேடிக்கொள்ளலாம்.
இங்கே அடுத்த தெரு கடல்.

"அப்படியென்றால் நாடு சின்னதாக இருந்தால் போதுமா?"

போதாது, அம்மணி.
எத்தனையோ தீவுகளில் எத்தனையோ பேர்
ஒற்றை மேளத்தைத் தூக்கிக்கொண்டு
சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.
அங்கே விமானம் இறங்குவதில்லை, மைக் போவதில்லை.
நாங்கள் இரண்டு கண்டங்களுக்கு நடுவே
போகிற வழியில் கிடந்தோம்.

இதைப் பதிவு செய்தாளா, தெரியாது.
பேட்டரி விளக்கு சிவந்திருந்தது.

அவள் போய் மூன்றாம் வாரம்
மீன் வெட்டும் வரிசைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள்.
போலந்துக்காரி, பெயர் யாக்னா.
கன்வேயர் நிற்கும் இடைவெளியில்
கத்தியின் முதுகால் இரும்பு மேசையைத் தட்டுவாள்.
ஒரு கையில் ஏழு, மறு கையில் நாலு,
நான் கேட்டே இராத கணக்கு.
"கிடான்ஸ்கில் எட்டு வருஷம் அடித்தேன்" என்றாள்,
கையுறையைக் கழற்றாமல்.

கௌட்டியிடம் சொல்லவில்லை. ஒரு நாள். இரண்டு நாள்.
மூன்றாம் நாள் சொன்னேன்.

நேற்றுக் கிடங்கு வாசலில் நின்று கேட்டேன்.
அதே பாட்டு. துள்ளுகிறது,
பெட்டிக்குள் இருந்தவர் எழுந்து முன்னால் நடக்கிற மாதிரி.
நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பயம்.

அடிக்கத் தெரிந்தவர்கள் இப்போது இரண்டு பேர்.
யாருக்கு யார் என்று
இனிமேல் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.
பெரிய நாடாகிக்கொண்டிருக்கிறோம் போலிருக்கிறது.

டிரம் செட் இன்னும் ஒன்றுதான்.
கிடங்குச் சாவி என் பையில்.