அடைவுப் போத்தல்

ஊரின் பெயர் போகும்.
தமிழில் எழுதினால் வினைச்சொல்.
வந்திறங்கிய நாளிலிருந்து
இந்தப் பகிடி எங்களுக்குப் பழசாகவில்லை.

கடைக்குள் நுழைந்தால் வலப்பக்கம் ஒரு வட்ட ஓட்டை,
அதனருகில் பச்சைப் பொத்தான்.
முன்னால் நிற்பவர்களுக்கு அது மெசின்.
எனக்குச் சுவர்.
பின்பக்கத்தில் நிற்கிறேன்,
சனிக்கிழமை, உதைபந்தாட்டம் முடிந்த கையோடு,
செருப்படியில் ஒட்டுகிற பியர்,
காதோரம் ஒரு குளவி.
சட்டையில் குத்திய தகட்டில் 'யோகா'.
யோகராணிக்கு இடம் போதாதாம்.
வகுப்பு எத்தனை மணிக்கு என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

விசயம் இவ்வளவுதான்:
வாங்கும்போதே போத்தலுக்கும் சேர்த்துக் காசு வைக்கவேண்டும்,
குடித்தபின் கொண்டுவந்தால் மீட்கலாம்.
இதற்கு ஜேர்மன்காரர் சொல்கிற சொல்லும்
காப்பைக் கழற்றிக் கொடுக்கிற கடைக்குச் சொல்கிற சொல்லும் ஒன்று.
அடைவு.
நாங்கள் நகையை வைத்துக் காசை எடுத்தோம்.
இவர்கள் காசை வைத்து
வெறும் போத்தலை எடுத்துப்போகிறார்கள்.
வட்டி மட்டும் இல்லை.

பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் இருபத்தைந்து சதம்.
உள்ளே படுக்கவைத்து உருட்டும்,
கோட்டுக்குறியைத் தேடும்,
அதன் பக்கத்துச் சின்னத்தையும் பார்க்கும்,
சரியென்றால் அந்த இடத்திலேயே நெரித்துவிடும்.
கோழி எலும்பு முறிகிற சத்தம்.
கண்ணாடி பியர்ப் போத்தலுக்கு எட்டே சதம்.
அது நெரிபடாது.
பட்டியில் ஊர்ந்து என்னிடம் வரும்,
பெட்டியில் நிமிர்த்தி வைப்பேன்,
கழுவி நிரப்பி இன்னொரு வாய்க்குப் போகும்.
தோளைச் சுற்றி வெள்ளையாய்த் தேய்ந்திருந்தால்
கனகாலம் சுற்றிய போத்தல்,
மற்றப் போத்தல்களோடு உரசி உரசி வந்த வளையம்.
விலை குறைந்ததற்கு ஆயுள் கூட.
இதில் உவமை தேட எனக்கு நேரமில்லை.
சாக்கு நிறைந்துவிட்டது.

யாரோ தட்டுகிறார்கள்.
நோவாட்ஸ்கி.
முகம் பார்க்கத் தேவையில்லை,
ஓட்டைக்குள் வருகிற கையில் சுட்டுவிரல் பாதிதான்.
மைதான வாசலில் பொறுக்கியது, மூன்று பை.
எல்லாம் போயிற்று, ஒரு தகரம் மட்டும்
உள்ளே போய், யோசித்து, திரும்பி வந்தது.
மறுபடியும் வைத்தார். மறுபடியும் வந்தது.
கோல் வாங்கிய கோபத்தில் எவனோ மிதித்திருக்கிறான்,
கோடுகள் மடிப்புக்குள் போய்விட்டன.
வரிசையில் நின்றவர்கள் தங்கள் பைகளைப் பார்த்தார்கள்.

சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.
இரண்டு கையாலும் மடிப்பை நெம்பி,
ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து,
"இப்போது வையுங்கள்" என்றேன்.
எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தம்.
அவர் சிரிக்கவில்லை, நானும்தான்.
இருபத்தைந்து சதத்துக்கு யார் சிரிப்பார்கள்.

துண்டு வந்தது: பதினொரு யூரோ எழுபத்தேழு.
காசுப்பெட்டியைப் பூட்டப்போன டிலெக்
துண்டைக் கண்டதும் திரும்பத் திறந்தாள்,
மனேஜர் இருந்த பக்கம் பாராமல்.

அப்போதுதான் கவனித்தேன்,
மூன்றாவது பையின் அடியில் ஒன்று கிடந்தது.
பழுப்புக் கண்ணாடி, தோளில் வெள்ளை வளையம்.
"ஒன்றை மறந்துவிட்டீர்கள்."
"மறக்கவில்லை.
வெறும் பையோடு வீட்டுக்குப் போகக் கூடாது."

அயல் வீட்டிலிருந்து பாத்திரம் வந்தால்
வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கமாட்டோம் நாங்கள்,
ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம்.
இதை அவரிடம் ஜேர்மனில் சொல்ல வெளிக்கிட்டேன்.
அந்த வசனத்திலும் தமிழைப் போல
வினைச்சொல் கடைசியில்தான் வரவேண்டும்.
நான் அதை எட்டுவதற்குள்
கதவு தானாகத் திறந்து
அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது.