தள்ளி

கோட்டைவாசல் வளைவு இறங்கி வருகிற வண்டிகளுக்கு
எங்கள் பூவின் முதுகுதான் முதலில் தெரியும்.
முற்றிய சூரியகாந்தி சூரியனோடு சுற்றாது,
கிழக்கே பார்த்து நின்றுவிடும்.
புனலூர்க்காரர்களும் கொட்டாரக்கரைக்காரர்களும்
மேற்கேயிருந்து வருகிறார்கள்.
முகம் வேண்டுமென்றால் வயலுக்குள் இறங்கிச்
சுற்றித்தான் போகவேண்டும்.
அதற்குத்தான் ஆளுக்கு இருபது ரூபாய்.

உரச்சாக்கை நாலாய் மடித்து வரப்பில் போட்டு
நான் வாங்கிப் போடுகிறேன்.
ஓணத்துக்கு முந்தின ஞாயிறு
மடி கனக்கும்.
சாரல் விழும்போது கூட்டம் இன்னும் நெருக்கும்,
முடியில் தண்ணீர் நிற்பது படத்தில் நன்றாக இருக்குமாம்.

“சேச்சி, ஒண்ணு மாறாமோ?”
புதுத்தாலி மின்ன ஒருத்தி கேட்டாள்.
தள்ளி நின்றேன்.
இன்னும் கொஞ்சம் என்றாள்.
பிறகு வந்த குடும்பமும் இன்னும் கொஞ்சம் என்றது.
தள்ளித் தள்ளி
எங்கள் வயலைவிட்டே வெளியேறி
நல்லபெருமாள் வெண்டைக்காட்டில் நின்றேன்.
அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ராத்திரி அக்கா மகன் முப்புடாதி
பெட்ரோல் பங்கிலிருந்து வந்து
சாப்பிட்ட கை காயுமுன்னே போனை எடுத்தான்.
“சித்தி, நம்ம வயலுல்லா இது.”
மஞ்சள்.
அடுத்து யாரோ காது குத்து.
இடிந்த வீடு, வாசல் இல்லாத இடத்தில்
ஒற்றைச் செருப்பு.
பிரியாணி.
மறுபடி மஞ்சள், சிரிக்கிற பெண்,
அவள் தோளுக்குப் பின்னால் காவித் துண்டு கட்டிய ஒரு தலை,
பிறகு ஆம்புலன்ஸ், பிறகு ஆட்டுக்குட்டி.

“நில்லுல. அந்தப் பிள்ளைக்குப் பின்னால
குனிஞ்சு கிடந்தது நான்லா?”
“எது?”
கட்டைவிரலைக் கீழே இழுத்தான்.
திரை ஒரு தடவை சுழன்று
வேறு ஆட்களைக் கொண்டுவந்தது.
“அதப் போய் எங்க தேட சித்தி,
போச்சுன்னா போச்சு.”

நான்தான்.
ஒரு சின்னப் பையன் ஒடித்த தண்டுக்குச்
சீலைக் கிழிசல் சுற்றிக்கொண்டிருந்தேன்,
அன்றைக்கு மூன்று மணி வாக்கில்.
அவள் என்னைத் தள்ளச் சொல்ல மறந்திருப்பாள்.

முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.
குனிந்தால் எப்படி இருப்பேன் என்று
இந்த நாற்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது.
கொட்டாரக்கரையில் யாருக்கோ தெரியும்.
இல்லை.
அங்கேயும் ஒரு கட்டைவிரல்தானே.
நாற்பதாயிரம் பேர் பார்த்ததாய் எழுதியிருந்தது,
நாற்பதாயிரம் பேரும் தள்ளியிருப்பார்கள்.
இதில் நான் மட்டும் என்ன,
அந்த ஒற்றைச் செருப்பு
ஆணுடையதா பெண்ணுடையதா
என்று கேட்டால் சொல்லத் தெரியாது எனக்கு.

இதழ் உதிர்ந்ததும் வண்டி நிற்பதில்லை.
தலை கவிழ்ந்து, முதுகு பழுத்து,
வயல் பார்க்க நன்றாக இல்லை,
விதைக்கு இதுதான் பருவம்.
கட்டுப்போட்ட தண்டு மட்டும் திரும்பிக்கொண்டு
மேற்கே பார்த்து முற்றியது.
இப்போது ரோட்டிலிருந்தே தெரியும் அதன் முகம்,
காசு வேண்டாம்.

கிளி வருகிறது.
அதற்கு அவசரமே இல்லை.
ஒரு விதையைப் பிடுங்கி
அலகில் உருட்டி
உமியைத் துப்பிவிட்டு
அடுத்ததை எடுக்குமுன் பூவை உற்றுப் பார்க்கிறது.
விட்டால் செட்டுக்கு எடுத்துப்போக ஒன்றும் மிஞ்சாது,
தகரமும் கம்பும் அதற்குத்தான் கையில்.

கட்டுப்போட்ட பூவில் வந்து உட்கார்ந்தது ஒன்று.
பதினோராவது விதை வரை எண்ணினேன்.
பிறகு தட்டினேன்.