திருப்பித் தராத புத்தகம்

கருங்கல் சந்தையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.
றப்பருக்கு நடுவே
இத்தாலி மார்பிள் போட்ட வீடு.
அறைகள் பதினொன்று. ஆள் ஒன்று.

எடவப்பாதி தொடங்கி ஆறாம் நாள்
அலமாரியில் கரையான் இருக்கிறதா என்று பார்க்கப் போய்
அதை எடுத்தேன்.
உள் அட்டையில் கல்லூரி நூலக முத்திரை.
திருப்பித் தரவேண்டிய நாள் 12 பிப்ரவரி 1999.
அபராதம் இந்நேரம்
புத்தகத்தின் விலையைத் தாண்டியிருக்கும்.

அன்று விடுதியில்
மெர்சலினும் நானும் ஒரே போர்வைக்குள்
டார்ச் அடித்துப் படித்தோம்.
மலை உச்சியில் ஒரு மாளிகை.
அதற்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்.
நிலவறையில் நகத்தால் கதவைச் சுரண்டும் ஏதோ ஒன்று.
அந்த இடம் வரும்போதெல்லாம்
மெர்சலின் என் முழங்கையைச் சுரண்டுவாள்.
மூன்று ராத்திரி
ஒன்றுக்குப் போகக்கூட இருவராய்ப் போனோம்.

இன்று நிலவறை வந்தபோது
எனக்குக் கொட்டாவி வந்தது.
பாவம் அது.
நானூறு வருடப் பசி,
ஒழுங்கான உறக்கமும் கிடையாது.

பயம் வேறு பக்கத்துக்குக் குடிபோயிருந்தது.
ஐம்பத்தெட்டாம் பக்கம்.
பிரபு வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதுகிறான்:
சாவிகள் பத்திரமாக என்னிடம் இருக்கின்றன,
உனக்கு அங்கே ஒரு குறையும் வராது,
இந்த மாதம் மெழுகுவர்த்தி எத்தனை செலவானது?
பதினெட்டு வயதில் இந்த மூன்று வரிகளையும்
காதல் என்று நினைத்து
அடிக்கோடு போட்டிருக்கிறோம்,
பச்சை மையில்,
ஸ்கேல் வைத்து.

வெளியே
மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய றப்பர் மரங்கள்
வரிசை பிசகாமல் நிற்கின்றன.
ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு,
வெட்டுக்குக் கீழே ஒரு சிரட்டை.
புத்தகத்தில் ஓநாய் ஊளையிடுகிறது.
இங்கே மரநாய் ஒன்று
தண்ணீர்த் தொட்டியின் மூடியை உருட்டிப் பார்க்கிறது.

எனக்கு நன்றாக ஞாபகம்,
கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் அவள் கத்துவாள்.
பள்ளத்தாக்கில் ஆட்டிடையர்கள் எழுந்து விளக்கேற்றும் அளவுக்குக்
கத்துவாள்.
இத்தனை வருடம்
அந்தக் கத்தலைக் கையிருப்பாக வைத்துத்தான்
சில நாட்களைத் தாண்டியிருக்கிறேன்.

தேடினேன். இல்லை.
விரலில் எச்சில் தொட்டு முன்னும் பின்னும் புரட்டினேன்.
அவள் நன்றி என்கிறாள்.
மன்னியுங்கள் என்கிறாள்.
ஓரிடத்தில் லேசாக இருமுகிறாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
ஒருமுறைகூடக் கத்தவில்லை.

அப்படியானால்
நான் கேட்டது யாருடைய குரல்?
மெர்சலினிடம் கேட்கலாம்.
அவள் எண் என்னிடம் இல்லை.

ஒன்பதரைக்குக் கறண்டு போனது.
இன்வெர்ட்டர் முனகத் தொடங்கியதும்
போய் அதையும் அணைத்தேன்.
வரவேற்பறை மூலையில் ஒன்று,
படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்று,
அடுக்களை வாசலுக்கு மேலே ஒன்று,
மூன்று சிவப்புப் புள்ளிகளும் கண்ணை மூடின.

கல்லறைத் திருநாளுக்கு வாங்கியதில்
மிச்சமிருந்த மெழுகுவர்த்தியைக் கொளுத்தி
படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்தேன்.
நைட்டியை முழங்கால் வரை வழித்துவிட்டு,
வாய்விட்டு,
பிரபுவுக்கு ஒரு குரல், வேலைக்காரிக்கு ஒரு குரல் என்று
வாசித்தேன்.
கடைசிக்கு முந்தின அத்தியாயம் முடியும் இடத்தில்
கால் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.
பால் கணக்கு எழுதும் பேனாவால்
அங்கே எழுதினேன்:
இப்போது அவள் கத்தினாள்.

வாசித்துப் பார்த்தேன். போதவில்லை.
ஆட்டிடையர்களையும் எழுப்பினேன்.

கறண்டு வந்தது.
மூன்று புள்ளிகளும் விழித்த சற்று நேரத்தில்
போன் அடித்தது, ஷார்ஜாவிலிருந்து.

"ஒறங்கலியா ஜெர்லின்?
கேமராவில ஒண்ணும் தெரியல்லியே."

மழை என்றேன்.
பேட்டரிக்கு என்னவோ ஆகிவிட்டது என்றேன்.

"மெழுகுவர்த்தி கெடக்கா?"

கெடக்கு.

"எத்தனை?"

நாலு என்றேன்.
அஞ்சு இருந்தது.