பத்திலிருந்து கீழே

"பத்திலிருந்து கீழே எண்ணுங்க,
எந்த பாஷையானாலும் சரி"
என்றாள் மலாயில், முகமூடிக்குள்ளிருந்து, நோர்ஷிலா.

பினாங்கு பொது மருத்துவமனை.
மணிக்கட்டுப் பட்டையில் விமலாஷினி மடிந்துபோய்
தர்மராஜு மட்டும் தெரிகிறது.
பித்தப்பையில் கற்கள். எத்தனை என்று
ஸ்கேன் எடுத்தவருக்கும் சொல்ல வரவில்லை.

எந்த பாஷை?
எந்த இனம் என்று கேட்டிருக்கிறார்கள்,
கட்டம் போட்டு, பேனாவைக் கயிற்றில் கட்டிவைத்து.
இதை யாரும் கேட்டதில்லை.
ஒன்பது வருடமாக, புலாவ் தீக்குஸ் மருந்துக்கடைக் கல்லாவில்
சில்லறையை உதட்டுக்குள் எண்ணுகிறேன்,
எதிரில் நிற்பவர் காதில் விழாதபடி.

மேலே ஏற முதலில் வந்தது ஹொக்கியன்.
அம்மாவுக்குப் பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
ரைபிள் ரேஞ்ச் பிளாட், ஒன்பதாம் மாடி,
பக்கத்து வீட்டு ஆ கிம்முடன் தரையில் உட்கார்ந்து
தங்கத்தாள் மடிப்பேன்.
ஜிட், நோ, சா, சீ...
இருபதுக்கு ஒரு கட்டு.
யார் யார் வீட்டுச் செத்தவர்களுக்கோ
நான் அனுப்பிய பணம் எவ்வளவு இருக்கும்!
ஒரு தாள் குறைந்தால் காதைச் சுண்டுவாள், வலிக்காமல்.
"அங்கே போய்க் கடன் வாங்குவாங்க, பாவம்."

அப்பாவிடம் எண்கள் நாலு நாலாகத்தான் இருந்தன.
கனவில் பாம்பு வந்தால் ஒன்று,
பல் விழுந்தால் வேறு.
புதன், சனி, ஞாயிறு சாயங்காலங்களில்
வீட்டில் யாரும் தும்மக்கூடாது.
ஒருமுறை என் பிறந்த தேதிக்கு மூன்றாம் பரிசு விழுந்தது.
அன்றிலிருந்து சித்தப்பாக்களுக்கு நான் ராசிக்காரி.
அதற்குமேல் அந்த வீட்டில்
நான் எதுவுமாக ஆக வேண்டியிருக்கவில்லை.

வாய்ப்பாட்டை இங்கிலீஷில் படித்த
தமிழ்ப்பள்ளிக் கூட்டம் நாங்கள்.
மேலிடத்து உத்தரவு.
செவன் செவன்ஸ் என்று பலகையில் எழுதிவிட்டு
திரவியம் சார் கதவைச் சாத்துவார்,
"ஏழேழு நாற்பத்தொன்பது" என்பார்,
கெட்ட வார்த்தை சொல்வதுபோல.
சிரித்துப் புரண்டோம்.
மற்ற கணக்கெல்லாம் மறந்துவிட்டது.

இடைநிலைப்பள்ளிக்குப் போன வருடம்
டிவியில் ஒரு வட்டம் காட்டினார்கள், வெட்டிய கேக் மாதிரி.
எங்கள் துண்டு மெலிசு, ஏழு விழுக்காடு.
பிறகு அடிதடிக்கு ஒரு வட்டம்.
அதில் எங்களுக்குத் தாராளமாக வெட்டியிருந்தார்கள்.
மறுநாள் பஸ்ஸில்
அண்ணன் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.
கொம்தார் வரை பதினோரு நிறுத்தம்.
நின்றுகொண்டு வந்தவர்களை
அவன் எண்ணினான்; நான் பார்த்தேன்.
வீட்டுக்கு வந்ததும் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டான்.
ஏனென்று அம்மா கேட்டதற்கு
வெயில் என்றான்.

எண்ணுவதும் எண்ணுவதும்
தமிழில் ஒரே சொல்.
மல்லாந்து கிடக்கும்போது
அது அவ்வளவு வசதியாக இல்லை.

கீழே இறங்க யாரும் சொல்லித்தரவில்லை,
டிசம்பர் முப்பத்தொன்று ராத்திரி டிவியைத் தவிர.
அதனால் டென்.
நைன்.
லாப்பான் எங்கிருந்து வந்ததோ தெரியாது.
குளிர் முழங்கையைத் தாண்டி ஏறியது.
அடுத்தது நாக்கு நுனிவரை வந்து நின்றது.

விழித்தபோது வாய் காய்ந்திருந்தது.
"ஏழை எந்த பாஷையில் சொன்னேன்?"

நோர்ஷிலா சலைன் குழாயைத் தட்டிப் பார்த்தாள்.
"ஏழு சொல்லவே இல்லையே நீங்க.
முப்பது காசு குறையுது, தள்ளி நில்லுங்கன்னு
டாக்டரை அதட்டினீங்க."

அது எந்த பாஷையில் என்று கேட்பதற்குள்
அடுத்த கட்டிலில் யாரோ மணி அடித்தார்கள்.